எந்த வகைச் சர்க்கரை?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவளுக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பட்டப்பெயர். ஆள் நெடுநெடுவென்று இருந்ததால் மட்டும் இல்லை. கழுத்து எப்போதும் அண்ணாந்தே இருக்கும். கையில் வாக்கி டாக்கியோடு கீழே நின்று, மேலே டவர் கிரேன் ஓட்டுகிறவருக்குச் சைகை சொல்வதுதான் அவள் வேலை. "இடது பக்கம் கொஞ்சம்... போதும்... மெதுவா எறக்குங்கண்ணே" என்று அவள் சொல்லச் சொல்ல, இரும்புக் கம்பிக்கட்டு பூனைக்குட்டி மாதிரி வந்து உட்காரும்.

கிரேன் ஓட்டவும் அவள் பயிற்சி எடுத்துத் தேறியிருந்தாள். ஆனாலும் மேலே ஏற விடவில்லை. பத்தொன்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. சின்ன வயது, ஒல்லி உடம்பு. அப்படியென்றால் இது உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகைதான் என்று அன்றைய டாக்டர் முடிவுகட்டி ஊசியைக் கொடுத்துவிட்டார். இன்சுலின் போடுகிறவர் சர்க்கரை இறங்கி உச்சியில் மயங்கினால் கீழே இருப்பவர்கள் கதி என்ன? கம்பெனி தகுதிச் சான்று தர மறுத்தது. மல்லுக்கட்டிப் பார்த்து அவள் ஓய்ந்துபோனாள்.

அந்த டாக்டர் ஓய்வு பெற்றதும் ஒரு டாக்டரம்மா வந்தார். கேள்வி மேல் கேள்வி கேட்கிற ஆள்.

"ஊசி எவ்வளவு போடுறீங்க?"

"கொஞ்சந்தான் டாக்டர். கூடப் போட்டா கை நடுங்குது."

"எப்பவாவது போடாம இருந்திருக்கீங்களா?"

"பிரிட்ஜ் கெட்டுப்போய் மருந்து வீணாயிடுச்சு. புதுசு கெடைக்க ஒரு வாரம் ஆச்சு. தாகமா இருந்துச்சு, அடிக்கடி பாத்ரூம் போனேன். மத்தபடி வேலைக்குப் போயிட்டுதான் இருந்தேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல் வகையா இருந்தா அந்த ஒரு வாரம் உங்க உயிரையே வாங்கியிருக்கும். மறுபடி இப்படி விட்டுடாதீங்க. வீட்ல வேற யாருக்கு சுகர்?"

"அம்மாவுக்கு, மாமாவுக்கு, தாத்தாவுக்கும் இருந்துச்சாம். எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்துடுச்சு."

"குண்டா இருப்பாங்களா?"

"எங்க வீட்ல பலமா காத்தடிச்சா கதவப் புடிச்சுக்கணும் டாக்டர். எல்லாருமே ஈர்க்குச்சிதான்."

டாக்டரம்மா சிரித்தார், அவர் முகத்தில் ஏதோ துப்புக் கிடைத்த களை. "வெறும் வயித்துல ரத்தம் பாக்குறது, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்குறது, மூணு மாச சராசரி பாக்குறது, இதெல்லாம் சுகர் இருக்கா இல்லையான்னுதான் சொல்லும். எந்த வகைன்னு சொல்லாது. அத உங்களுக்கு யாரும் பாக்கவே இல்ல. இப்பப் பாத்துடுவோம்."

முதலில், உடம்பு தன் கணையத்தையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறதா என்று பார்த்தார்கள். அதற்கான தடயமே இல்லை. அடுத்து, கணையம் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா என்று பார்த்தார்கள். சுரந்துகொண்டுதான் இருந்தது! அதன் பிறகுதான் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் போனது. முடிவு வரும் வரை ஊசியைத் தொடரச் சொன்னார் டாக்டரம்மா. அவளுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா, மகளின் பரபரப்பு தொற்றி ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்தாள்.

போன் வந்தபோது கண்ணாடிப் பலகைகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பை அதிர்ந்தது. அவள் தொடவில்லை. கண்ணாடி இறங்கி, கொக்கி கழன்று மேலே போன பிறகுதான் எடுத்தாள்.

"ஒரு மரபணுல சின்ன மாற்றம்மா. உங்க குடும்பத்துல வழிவழியா வருது. இந்த வகைக்கு ஊசிய விட மாத்திரை நல்லா வேலை செய்யும். நாளைக்கு வாங்க, பக்கத்துல இருந்து பாத்துப் பாத்து மாத்துவோம்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தி "அண்ணே!" என்று கத்தினாள். "என்னாச்சும்மா? கயிறு சிக்கிடுச்சா?" என்று மேலிருந்து பதறினார் கிரேன்காரர்.

"இல்லண்ணே. ஊசிய நிறுத்தப் போறாங்க."

அவர் ஹாரனை அழுத்தி ஊரையே கூட்டிவிட்டார்.

குட்டி மாத்திரை வேலை செய்தது. ஆனால் மாத்திரையிலும் சர்க்கரை இறங்க வாய்ப்பு உண்டு. அதனால் டாக்டரம்மா மாதக்கணக்கில் அளந்து பார்த்து, ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லை என்று உறுதியான பிறகே, கிரேன் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி டாக்டரும் தனியாகச் சோதித்துவிட்டுச் சான்று தந்தார்.

அதற்குள் அம்மாவின் ரத்தமும் பரிசோதனைக்குப் போயிருந்தது. "எனக்கும் அதேன்னு வந்தா, இத்தன வருஷம் ஊசி குத்திக்கிட்டதுக்கு யாரப் போய்க் குத்துறது?" என்று அம்மா நர்ஸிடம் கேட்டு, பரிசோதனைக் கூடத்தையே சிரிக்க வைத்தாள்.

அனுமதி வந்த அன்று காலையில் அவள் இரும்பு ஏணியில் ஏறினாள். மூச்சு வாங்கியது. கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்ததும் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரையைப் பார்த்தாள். சரியாக இருந்தது. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு, இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டாள்.

"ரெடியா?" என்றது வாக்கி டாக்கி.

"தூக்கலாம்" என்றாள் அவள். கிரேனின் நீண்ட கை மெல்லத் திரும்பத் தொடங்கியது.