ஜன்னல் வைக்காத சுவர்

எங்கள் தெருவில் என் வீடுதான் கடைசி. அதை அடுத்துச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த பெரிய மனையைச் சுத்தம் செய்து, படுத்த படுக்கையான முதியவர்களுக்கு மூன்று மாடியில் ஒரு காப்பகம் கட்டத் தொடங்கினார்கள். முதல் தளம் எழும்பியதும் குடியிருப்போர் சங்கம் கூடியது.

எனக்கு அந்தக் கட்டடம் வேண்டியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்த என் அக்கா எங்கள் வீட்டு முன்னறையில் கிடந்தாள். கணவனோ பிள்ளைகளோ இல்லாதவள். நானும் மனைவியும் வேலைக்குப் போனபின் மாலைவரை தனியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மதுரையில் ஒரு காப்பகத்தில் விட்டால் மாதம் ஒருமுறை பார்க்கலாம். பக்கத்து மனை என்றால் தினமும் பார்க்கலாம். கூட்டத்தில் இதைச் சொன்னேன்.

"ஒங்க அக்காவுக்கு ஒரு கட்டில் போதும் சார். அவுக நூறு கட்டில் போடுறாக," என்றார் எதிர்வீட்டுக்காரரான சங்கச் செயலாளர். "வாரத்துக்கு ஒண்ணு போகுமா போகாதா? ஒவ்வொண்ணுக்கும் தெருவே கதவ அடைச்சிட்டு உக்காரணுமா?"

பாடை கடந்து போகும்வரை வாசல் கதவைச் சாத்தி வைப்பது எங்கள் வழக்கம்.

சவுதியிலிருந்து திரும்பியிருந்த மூன்றாம் வீட்டுப் பாய் சிரித்தார். "நம்மள்ல யாரும் மவுத்தாகாம இருக்கப் போறமாண்ணே? இங்கனயே ஒரு கட்டிலுக்கு இப்பவே சொல்லி வைங்க."

செயலாளர் சிரிக்கவில்லை.

இழுபறிக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. வாசல் பின்புறம், கண்மாய்க் கரையைப் பார்த்து. உடல்களும் அந்த வழியே போக வேண்டும். எங்கள் பக்கச் சுவரில் ஜன்னல் கூடாது. படுத்துக் கிடப்பவர்கள் நாளெல்லாம் நம் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் விளங்குமா என்று பெண்கள் கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே விட்டிருந்த ஜன்னல் இடைவெளிகளை ஒற்றைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். காப்பகம் வந்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன்.

அக்காவுக்குத் தரைத்தளத்தில், அப்படி அடைத்த ஜன்னல் ஒன்றை ஒட்டிக் கட்டில் கிடைத்தது. நான் கண்மாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அவளுக்கு எங்கள் வீடு கேட்டது.

"நேத்து குக்கர் விட்டு விட்டுக் கத்துச்சே, கறியா?"

"ஆமாக்கா."

"வாசக் கேட்டுத் தாப்பாள மறுபடி வந்து ஆட்டிப் பாத்த. இன்னும் திருந்தலயா நீ?"

ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "டம்ளரால சுவத்தத் தட்டுறேன். ஒனக்குக் கேக்கலையா?"

"கேக்குதுக்கா," என்றேன். கேட்டதில்லை.

அந்த ஞாயிறு மதியம் டிவியை நிறுத்திவிட்டு, இரண்டு சுவர்களுக்கும் இடைப்பட்ட சந்தில் போய் நின்றேன். கேட்டது. மெல்லிய, சீரான உலோகச் சத்தம். விரல் முட்டியால் நானும் தட்டினேன். அந்தப் பக்கம் சற்று நின்று, பிறகு வேகமாகத் தட்டியது. அதற்குப்பின் விடுமுறை நாட்களில் இது எங்கள் பேச்சாயிற்று.

மழைக்காலத்தில் அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்தது. ஆக்சிஜன் வசதி இருந்த மேல்மாடிக்கு மாற்றினார்கள். அதன்பின் நான் சந்துக்குப் போகவில்லை. சில நாட்களில் செயலாளர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"சார், ஒங்க அக்காட்ட கொஞ்சம் சொல்லுங்க. மத்தியானம் கண்ணசர முடியல. எங்க வீடு வரைக்கும் கேக்குற மாதிரி ஓங்கித் தட்டிக்கிட்டே இருக்காக."

"அக்கா அங்கன இல்லண்ணே. மாடிக்கு மாத்திட்டாக."

அவர் முகம் மாறியது. "அப்ப யாரு? நிப்பாட்டச் சொல்லி நானே சந்துக்குள்ள வந்து ரெண்டு மூணு நாளு பதிலுக்குத் தட்டுனேனே. சத்தம் கூடத்தான் செஞ்சுச்சு."

அக்காவுக்கு மூச்சு சீரானதும், பழைய கட்டிலையே தரும்படி காப்பகத்தில் கேட்டேன். செவிலிப் பெண் தயங்கினாள்.

"அதுல இப்ப வேற ஒரு அம்மா இருக்காக சார். பாக்க யாரும் வாரதில்ல. மாத்தலாம்னு போனா, கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாக. சுவத்துக்கு அங்கிட்டு அவுக மகன் வந்து நிக்கிறானாம்."

நான் மேலே போனேன். அக்கா கண் திறந்து கிடந்தாள்.

"ஏலே, வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் எங்க போயிட்டிய?"

"எங்கயும் போகலக்கா. அங்கனதான் இருக்கோம்."

"பொய் சொல்லாத," என்றாள். "ஒரு சத்தத்தையும் காணோமே."