ரங்கம்மாவின் முறை

யுத்த காலத்தில் மாரண்டஹள்ளிப் பக்கம் பெண்களுக்குக் கல் தள்ளும் பந்தயம் நடத்திவந்தேன். ஈரப் பாறையில் தட்டைக்கல்லைத் தள்ளி வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். ஊர் ஆண்கள் நல்ல பாறையைப் பிடுங்கிக்கொண்டு, இடுகாட்டு ஓரப் பாறையைக் கொடுத்தார்கள். நாங்கள் பயந்து ஆட்டத்தையே விட்டுவிடுவோம் என்று அவர்களுக்கு நினைப்பு.

முதல் ஆட்டம் முடிந்து பார்த்தால், வட்டத்தின் நடுவில் ஒரு கல் கூடுதலாகக் கிடந்தது. எங்களோடு ஆடிவந்த ரங்கம்மாவின் மஞ்சள் கோடு போட்ட கல். முந்தின மாதம் காய்ச்சலில் செத்தவளோடு அதையும் நான்தான் குழியில் வைத்திருந்தேன்.

பெண்கள் ஓடப் பார்த்தார்கள். பாறையோரம் நின்ற ஊர் மணியக்காரர் சிரித்தார். "பேய் வந்துருச்சு, வூட்டுக்குப் போங்கம்மா!"

ஓடினால் இந்தப் பாறையும் போய்விடும். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"சிரிக்காதீங்க மணியக்காரரே! அவ கல்லு நடுவுல நிக்குது, அவதான் ஜெயிச்சா. அடுத்த ஆட்டத்துக்குத் தண்ணி ஊத்துங்கடி!"

அவர் சிரிப்பு நின்றது. பெண்கள் குடத்தைத் தூக்கினார்கள்.

எவனாவது தோண்டி எடுத்து வைத்திருந்தால் அவன் நாசமாகப் போகட்டும். ஆனால் நான் எடுத்தபோது அந்தக் கல், இப்போதுதான் ஒரு கை விட்டதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

இன்றும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் கல்லைத் தள்ளத் தொடங்கும் கோட்டில் வைத்துவிட்டு, அவள் முறைக்குக் காத்திருப்போம். அப்போது மட்டும் நான் பாறைக்கு முதுகு காட்டி நிற்பேன்.