காபியில் கரைத்த மாத்திரை

என் தங்கை தண்ணீரில் செத்துப்போவாள் என்று மூன்று நாள் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஏன் நடுங்குகிறேன் என்று ஒருவரிடமும் சொல்ல முடியாதபடி செய்துவைத்திருந்ததும் நானேதான்.

அவளுக்குப் பத்து வயதிலிருந்தே வலிப்பு. முதலில் இடது கைப் பெருவிரல் உள்ளே மடங்கும். அப்புறம் கை இழுக்கும். அப்புறம் ஆள் கீழே கிடப்பாள். ஒருமுறை அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து முழங்கை வெந்துபோனது. அப்பாவும் அம்மாவும் போனபிறகு தென்காசி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வீட்டிலிருந்தே தையல் வேலை பார்க்கிறாள். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடுகிறேன்.

நாங்கள் பரம்பரையாகக் கிறிஸ்தவர்கள். எங்கள் கோயிலில் கைக்குழந்தையிலேயே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள், அதோடு சரி. போன வருஷம் இவள் பக்கத்துத் தெரு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். வீட்டுக்கு வந்தவள் நேரே போய் மாத்திரை டப்பாவைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள்.

"நான் சுகமாயிட்டேன் யக்கா. இனி இது வேண்டாம்."

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டருக்கு மேல ஒரு டாக்டர் இருக்காரு."

பாஸ்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அது அவளாக எடுத்த முடிவு. மறுநாள் காலை, குப்பையிலிருந்து பொறுக்கி வைத்திருந்த மாத்திரையில் ஒன்றை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். அவள் காபியில் போட்டு, சீனியைக் கூடக் கொட்டி, ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது யக்கா."

"டிகாஷன் கூடிப்போச்சு. குடி."

எட்டு மாதம் எங்கள் வீட்டில் டிகாஷன் கூடிக்கொண்டே இருந்தது. பொறுக்கியது தீர்ந்ததும் பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கிவந்தேன். எட்டு மாதமும் அவளுக்கு வலிப்பு வரவில்லை. அவள் ஜெபவீட்டில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். மாத்திரையைத் தூக்கிப்போட்டேன், கர்த்தர் என்னைத் தூக்கி எடுத்தார் என்று அழுதுகொண்டே சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் உட்கார்ந்து தட்டினேன், வேறென்ன செய்ய? அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னாள்.

"தலையில தெளிச்சது காணாதாட்டி? ஆத்துல வேற முங்கணுமாக்கும்?" என்று கிண்டல் செய்தேன். அப்போது எனக்குப் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குற்றாலத்துக்குக் கீழே சிற்றாற்றில் முழுக்கு. காபியைக் குடிக்கவைத்துத்தானே அனுப்பப்போகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பையில் துணி எடுத்துவைத்தாள்.

"எங்கட்டி கெளம்புத?"

"முங்குததுக்கு முன்னால மூணு நாள் உபவாசம் யக்கா. ஜெபவீட்டுலயே தங்கணும். பகல்ல வெறும் தண்ணி, பொழுதடைஞ்சா கஞ்சி."

"காபி?"

"அதும் கெடையாது." சிரித்தாள். "ஒன் கசப்புக் காபிலருந்து மூணு நாளைக்கி எனக்கு விடுதலை."

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொன்னால் அவள் விசுவாசம் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். வெள்ளிக்கிழமை கடையில் பச்சை கேட்டவர்களுக்கு நீலத்தை எடுத்துப்போட்டேன். சனிக்கிழமை காலை மாத்திரையைக் கரைத்த காபியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஜெபவீட்டு வாசலில் போய் நின்றேன். பாஸ்டரம்மா வெளியே வந்தார்.

"உபவாசம் முடியட்டும்மா. ஒனக்கென்ன, மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கு?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சபை முழுக்க என் தங்கையைப் பொய்ச்சாட்சிக்காரி என்று பேசும், அவளும் இனி என் கையால் ஒரு பருக்கை தின்னமாட்டாள் என்று நினைத்தேன். வெயில் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். காபியைச் சாக்கடையில் ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். தென்னந்தோப்பு ஓரத்துப் படித்துறையில் இருபது பேர் இருப்போம். என் தங்கை வெள்ளைச் சேலையில், மூன்று நாள் பட்டினியில் ஒடுங்கிப்போய், சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் பெருவிரலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. தண்ணீரில் இறங்கப்போன பாஸ்டரிடம் ஓடினேன்.

"பாஸ்டர், தண்ணி ஐஸாட்டம் கெடக்கு. அவளுக்கு ஒத்துக்குமா?"

என் வாயில் வந்தது அவ்வளவுதான். பாவி, அப்போதும் அவ்வளவுதான் வந்தது.

"ஒண்ணும் ஆகாதும்மா. விசுவாசமா இரு," என்றார்.

இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் ஒரு பக்கமும் சபையிலிருந்து ஒரு அண்ணாச்சி மறுபக்கமும் நின்றார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்லி அவளைப் பின்பக்கமாகச் சாய்த்து முக்கி எடுத்தார்கள். எழுந்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். கரையில் பாட்டு ஆரம்பித்தது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது அவள் இடது கைப் பெருவிரல் உள்ளே மடங்கியது.

கை இழுத்தது. தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. உடம்பு உதறியது. கரையில் ஒரு அம்மா கையை உயர்த்தி, "அபிஷேகம் எறங்குது, ஸ்தோத்திரம்," என்றாள். எல்லாரும் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆவி இறங்கும்போது ஆளைப் பிடித்து நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பாஸ்டரும் அண்ணாச்சியும் கையை விட்டு ஓரடி விலகினார்கள். என் தங்கை மரம் சாய்கிற மாதிரி தண்ணீருக்குள் போனாள். கைதட்டல் நிற்கவில்லை.

"அது ஆவி இல்ல, வலிப்பு, புடிங்க," என்று கத்திக்கொண்டு குதித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. கையில் அகப்பட்ட முடியைப் பிடித்து இழுத்தேன். மறுபக்கம் பாஸ்டர் பாய்ந்து அவள் தோளைத் தூக்கினார்.

படியில் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். வாயிலிருந்து தண்ணீரும் ரத்தமும் வந்தது. நாக்கைக் கடித்திருந்தாள். அவள் கண் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. திறந்ததும் கேட்டாள்.

"முங்கிட்டேனா?"

"முங்கிட்டம்மா. எல்லாம் ஆயிட்டு," என்றார் பாஸ்டர். அவர் கண் கலங்கியிருந்தது.

தென்காசிக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட்டு, தூங்கி, சாயங்காலம் எழுந்து தெளிவாகப் பேசினாள். டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார்.

"மாத்திரைய நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"எட்டு மாசம் சார்," என்றாள் என் தங்கை.

ஆற்றில் குதித்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு நாள் சார்," என்றேன்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் என்னை மட்டும் பார்த்தாள். அவள் கணக்குக் கூட்டி முடிக்கும்வரை நான் நின்றேன்.

"அதான் கசந்துச்சாக்கும்," என்றாள்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். கடித்த நாக்கில் பேச்சு குழறியது.

"மாத்திரைய எழுதுங்க சார், போட்டுக்கிடுதேன். ஆனா எங்கையில குடுங்க. இவ கையில குடுத்துராதீங்க."