நான்கு கதைக்கும் பதில் இல்லை

எனக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். கிள்ளானில் பிறந்து, தமிழிலேயே ஏச்சு வாங்கி வளர்ந்தவள். உளவியல் படிக்கப் போனதிலிருந்து, நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வரும். வரும் என்பதுகூடப் பொய், வரவைப்பேன்.

அந்த வருடம் ஓர் ஆய்வுக்காக, பிரிக்பீல்ட்ஸ் பாலர் பள்ளி ஒன்றில் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் சின்னக் குழந்தை நினைக்கும். அடுத்தவர் வேறு மாதிரி, தப்பாகக்கூட, நினைத்துக்கொண்டிருக்கலாம் என்பது நான்கைந்து வயதில்தான் பிடிபடும். அதைப் பார்க்க இரண்டு பொம்மைகள் போதும். ஒன்று பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகும். மற்றது அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவைக்கும். முதல் பொம்மை திரும்பி வந்து எங்கே தேடும்? கூடையில் என்று சொன்னால் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதே மாதிரி நான்கு கதைகள்.

ஒரு நாள் ஒரு சிறுமி வந்தாள். அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். பேசவில்லை. மெதுவாக, மறுபடியும் ஆங்கிலத்திலேயே கேட்டேன். தமிழில் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் மூலையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பதிவை என் பேராசிரியர் பார்ப்பாரே என்று நானும் அதை அடிக்கடி பார்த்துக்கொண்டேன். நான்கு கதைக்கும் ‘பதில் இல்லை’ என்று குறித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். சுங்கை வே தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த அவள் அம்மா, “ஓகேவா மேடம்?” என்றார். “லிட்டில் பிட் ஸ்லோ” என்றேன், பெரிய மேதாவி மாதிரி. அவர் முகம் வாடிவிட்டது.

அவர்கள் வெளியே போன பிறகு, சரியாகச் சாத்தாத கதவு வழியே பேச்சு காதில் விழுந்தது.

“ஏன்மா வாயே திறக்கல?”

“எனக்குத் தெரியும்மா. அந்த பொம்மை கூடையிலதான் தேடும், பந்த மாத்துனது அதுக்குத் தெரியாதுல்ல. ஆனா அந்த ஆன்டிக்குத் தமிழ் தெரியாதும்மா. நான் சொன்னா அவங்களுக்குப் புரியாது. பாவம் லா.”

நான் சோதிக்க வந்ததே இதைத்தான். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசித்து, எனக்காகப் பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது அந்தக் குழந்தை. நான் கூனிக்குறுகிப் போனேன்.

ஓடிப்போய், “அக்கா, நில்லுங்க. தப்பு என்னோடதுதான். உங்க பொண்ணு ஸ்லோ இல்ல” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. இருவரையும் உள்ளே அழைத்துவந்து, மறுபடி உட்கார்ந்து, கேமரா ஓட ஓட, எல்லாக் கதையையும் தமிழில் கேட்டேன். நான்கும் சரி.

பொம்மைகளைப் பைக்குள் போடும்போது சிறுமி கேமராவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஆன்டி, தமிழ் பேசுனா உங்கள யாராச்சும் ஏசுவாங்களா?”

“யாரும் ஏச மாட்டாங்கம்மா” என்றேன். அது உண்மைதான். அதனால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.