கரியை விட்ட கணக்கு

மார்கிரட் யாழ்ப்பாணத்துக் குருநகர் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் தான் படித்துவிட்டு வந்ததை அவள் விளக்கி முடிப்பதற்குள் தகப்பன் நித்திரையாகிவிட்டார். எரியும் சுடரைக் கணினிக்குள் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சூடு, எவ்வளவு எண்ணெய் ஆவி, எவ்வளவு காற்று என்று திரும்பத் திரும்பக் கணித்து, சுடர் எப்படி நிற்கும் என்று கண்டுபிடிக்கும் படிப்பு அது. தகப்பனை அவள் மன்னித்தாள். நடராசாவை மன்னிக்கவில்லை.

நடராசா, அவள் படிப்பித்த கல்லூரியில் பகுதித் தலைவர். எந்தக் கூட்டத்திலும் முன்வரிசைக் கதிரையைத் தேடிப் போய் உட்காரும் மனிதர். தொண்ணூறில் போர் மூண்டு மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய்க்கும் தடை வந்து, சனம் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு எரித்த காலத்தில் அவருக்கும் ஒரு விளக்குச் செய்யும் ஆசை பிறந்தது. திரியைச் சுற்றித் துளையிட்ட தகரக் குழல், அவ்வளவுதான். பாதி எண்ணெய் போதும் என்றார். அதை நிறுவ மார்கிரட்டின் கணக்கு வேண்டியிருந்தது. கணினியை ஓட்ட மண்ணெண்ணெய் ஜெனரேற்றர் பிடித்தார்கள். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்கும் கணக்குக்காகக் கிழமைக் கணக்கில் மண்ணெண்ணெய் எரிந்தது. அதில் சிரிக்க ஏதும் இருப்பதாக அவளைத் தவிர ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கரியைச் சேர்த்தால் கணக்கு நீளுது. அதை விட்டிடும்," என்றார் நடராசா.

"சேர், கரித்துகள் சூடாகி ஒளிர்றதாலைதான் சுடர் மஞ்சளாத் தெரியுது. கரி இல்லையெண்டால் வெளிச்சமும் இல்லை."

"விளக்கு எரியுமோ, எரியாதோ?"

"எரியும்."

"அது காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அவள் கரியை விட்டாள். சண்டை பிடிக்கும் அளவுக்கு அவரை மதிக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எண்ணெய் முழுக்க எரியும்படி கணக்குச் சொன்ன இடங்களில் தகரத்தில் துளை விழுந்தது; வெளிச்சத்தைக் கணக்குக் கேட்கவே இல்லை.

வெளியீட்டு விழா நடுப்பகலில், யன்னல்கள் திறந்த மண்டபத்தில் நடந்தது. நடராசா மாலையோடு நின்று விளக்கைக் கொளுத்தினார். கணக்குப் போட்டவள் என்று மார்கிரட்டின் பெயரையும் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழும்பினாள்.

"சேர், யன்னலுகளை ஒருக்காச் சாத்தச் சொல்லுங்கோ."

சாத்தினார்கள். மேசையில் நீலமாக ஒரு பொட்டு எரிந்தது. பக்கத்தில் நின்ற நடராசாவின் முகம் யாருக்கும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"பாத்தியளே, துளிப் புகையில்லை."

இருட்டுக்குள் இருந்துகொண்டே சனம் கைதட்டியது. மார்கிரட் கதவைத் தடவிக் கண்டுபிடித்து வெளியே போனாள்.

விளக்குகள் வீடு வீடாகப் போயின. அவளுடைய மாமி யோசப்பினுக்கும் ஒன்று கிடைத்தது.

"வெளிச்சத்துக்கு உதவாது பிள்ளை," என்றாள் மாமி. "ஆனால் மேலை கேத்திலை வைச்சால் தேத்தண்ணி கொதிக்குது. சட்டியிலை கரியும் பிடிக்கேல்லை."

ஊர் முழுக்க அதே கதைதான். அடுத்த கூட்டத்தில் நடராசா அதற்குச் 'சிக்கன அடுப்பு' என்று பெயர் வைத்து, ஆரம்பம் முதலே தன் நோக்கம் அதுதான் என்றார். முன்வரிசை தலையாட்டியது.

அடுத்த வருடம் அவர் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். பிரியாவிடைக்கு மார்கிரட்டையும் அழைத்திருந்தார்கள். அன்றைக்கு அவள் அங்கே போகாமல் தலை முழுகி, முற்றத்து வெயிலில் கதிரை போட்டு, பின்னேரம்வரை மயிர் உலர்த்தினாள்.