ஊஃபர் அடிக்காத வாரம்

எங்கள் வீட்டு ஊஃபர் செத்துப்போன அன்றைக்கு நான் முதலில் திட்டியது கம்ப்யூட்டரை. அடுத்து கரண்டை. அடுத்து, கொடியில் சும்மா காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் புடவையை. பார்த்துத் திட்டுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை மன்னித்து விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டரில் போட்டால் பாட்டு வரத்தான் செய்தது. தகரத்தில் ஆணியைத் தேய்த்த மாதிரி மேல் சத்தம் மட்டும் வந்தது. அடியில் ஊஃபர் பெட்டி கொடுக்க வேண்டிய தும் தும் இல்லை. எனக்கு அது பெரிய விஷயமில்லை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு போய்விடுவேன். அப்பாவுக்கு அந்த அடி இல்லை என்றால் பாட்டே இல்லை.

அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் கிரஷரில் வேலை பார்த்தவர். அந்த மிஷின் சிமெண்டுக்கான சுண்ணாம்புக் கல்லை மென்று துப்பும்போது பக்கத்தில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தார். காதில் வைக்க ஒரு துண்டுப் பஞ்சு கொடுக்க எவனுக்கும் தோன்றவில்லை. கடைசியில் டாக்டர் சொன்னார்: மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது, தடித்த சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

"அம்மா பொலம்புறது கேக்காதுல்ல? அப்பாவுக்கு லாபந்தான் சார்," என்று டாக்டரிடம் சொன்னேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த அடி கேட்டது, சிரித்தார்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஊஃபர் பெட்டியில் முதுகைச் சாய்த்து அப்பா தரையில் உட்காருவார். நான் மேளமும் தவிலும் நிறைந்த பாட்டாகப் போடுவேன். பாதி காதிலும் பாதி முதுகிலுமாகக் கேட்பார். தொடையில் தாளம் போடுவார். ஒரு தாளம் தப்பாது.

அந்த வாரம் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு அதட்டினார்: "என்னடா பாத்துக்கிட்டு நிக்குற? பாட்டப் போடு."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிடித்த வெறி எனக்கு. சவுண்ட் செட்டிங்கில் பேஸ் என்கிற அடிச் சத்தத்தைக் கூட்டும் கட்டத்தில் டிக் அடித்தேன். ஈக்வலைசரில் இடது பக்கக் குச்சியையெல்லாம் உச்சிக்குத் தள்ளினேன். ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். பெட்டியிலிருந்த சவுண்டுக் குமிழைத் திருகிய திருகில் அதன் தலை என் கையோடு வந்துவிட்டது. மொபைலில் ஒருத்தன் ஊஃபரை மூலையில் வை என்றான். இன்னொருத்தன் மூலையில் வைத்தால் உருப்படாது என்றான். ரெண்டு பேரும் லைக் மட்டும் மறக்காமல் கேட்டார்கள்.

கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, சிபியூவைக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் போனேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன தம்பி, வெதை நெல்லா?" என்றார். "ஆமாங்க, மழை பேஞ்சா மொளைக்கும்," என்றேன்.

ரிப்பேர்க் கடைக்காரர் அதைத் தன் கடை ஊஃபரில் மாட்டிப் பாட்டைப் போட்டார். சுவர்க் காலண்டர் குதித்தது.

"கம்ப்யூட்டரு கல்லு மாதிரி இருக்கு தம்பி. ஒங்க பொட்டிதான் போயிருச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

"பொட்டிய நீங்க பாக்கவே இல்லையேண்ணே?"

"அரியலூர்ப் பக்கத்துப் பொட்டியப் பாக்க வேற செய்யணுமா? தூசியத் தின்னே செத்துருக்கும். ஒங்க ஊருல மனுசனே வெள்ளையடிச்ச செவுரு மாதிரிதான திரியிறான்!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஊரில் ஒருத்தரை விடாமல் கேலி செய்கிறவன் நான். அந்தக் கேலி மட்டும் நெஞ்சில் நெருப்புக் கங்கு வைத்த மாதிரி சுட்டது.

"நாங்க வெள்ளையானதாலதாண்ணே ஒங்க கடைக்குச் செவுரு நிக்குது," என்று சொல்லிவிட்டுக் கோணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

அவர் சொன்ன தூசி பொய்யில்லை, அதனால்தான் அவ்வளவு கோபம். எங்கள் வீடு கல் லாரி போகும் ரோட்டின் மேலேயே இருக்கிறது. சன்னல் இடுக்கு, கதவுச் சந்து, ஓட்டு விளிம்பு என்று எங்கள் வீட்டில் துணி சொருகாத ஓட்டை கிடையாது. அப்படியும் சோற்றில் நறநறக்கும்.

வந்த வேகத்தில் சிபியூவை மேசையில் வைத்து மாட்டினேன். ஊஃபரைப் பிரித்துவிடுவது என்று ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டியை வெளியே இழுத்தேன். சுவரைப் பார்த்திருந்த பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம்தான் காற்று ஓட்டை. உள்ளே புரளும் காற்று அதன் வழியாக வந்து மோதினால்தான் அடி கிடைக்கும். அந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தது. பிடித்து இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. உள்ளே ஸ்பீக்கரின் முதுகு வரைக்கும் குத்தித் திணித்திருந்தார்கள்.

"யம்மா! வூட்டுல அடைக்கறதுக்கு ஒனக்கு வேற ஓட்டையே கெடைக்கலயா? எம்மூக்கு ரெண்டு சும்மாத்தான இருந்துச்சு!"

அம்மா கரண்டியோடு வந்தாள். "அதுல நான் ஏண்டா கைய வெக்கிறேன்? கத்துறதுக்கு முன்னாடி துணியப் பாரு. அது எந்துணியா?"

பார்த்தேன். துண்டு. கிரஷருக்குப் போகும்போது அப்பா மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்த துண்டு.

அப்பா வாசலில் நின்றார். துண்டைத் தூக்கிக் காட்டினேன். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னார்: "ஆமா, நாந்தான் அடைச்சேன். ஓட்டை தொறந்து கெடந்துச்சு. தூசி போனா மிசினு கெட்டுரும்டா."

துண்டை என் மூக்கில் சுற்றிக் காட்டி, அப்ப ஒங்க மூக்குக்கு என்கிற மாதிரி கையை விரித்தேன்.

"எனக்குத்தான் இப்ப வேலை இல்லையே," என்றார்.

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? தனக்கு மிச்சமிருந்த ஒரே சத்தத்தைத் தன் கையாலேயே குத்தி அடைத்துவிட்டு, மிஷினைக் காப்பாற்றிய பெருமையில் நிற்கிறார். காப்பாற்றிப் பழகிய கை அது. அந்தக் காதுக்கு ஒரு பஞ்சு கொடுக்காதவன் என் முன்னால் நின்றிருந்தால், கையிலிருந்த ஸ்குரூ டிரைவருக்கு நான் பொறுப்பில்லை.

பாட்டைப் போட்டேன். முதல் அடிக்கே ஓட்டையிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி தூசி பறந்தது. அடிக்கு ஒரு தரம் துப்பியது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல?" என்று அப்பா கைதட்டினார். பிறகு பெட்டியில் சாய்ந்தார். தொடையில் தாளம் விழுந்தது.

பாட்டு முடிந்ததும் என்னிடம் கையை நீட்டினார். "துண்டக் குடு, அடைக்கணும்."

நான் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அந்த நேரம் ரோட்டில் ஒரு கல் லாரி லோடோடு போனது. தரை அதிர்ந்தது, பெட்டி அதிர்ந்தது. அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"இன்னும் ஓடுதா? சரி, முடியட்டும்," என்று கண்ணை மூடி, லாரிக்குத் தலையாட்ட ஆரம்பித்தார்.

ஓடிப்போய் அடுத்த பாட்டைப் போட்டேன். தலையில்லாத அந்தச் சவுண்டுக் குமிழைக் கட்டிங் பிளேயரால் கவ்விப் பிடித்து, அதற்குமேல் திரும்பாத இடம் வரைக்கும் திருகினேன்.