ரோசிக்குப் பின்னால் நின்றவள்

…செத்துப்போன மேஸ்திரிய நீயும் திட்டாத கண்ணு. ரோசியத் தராசுல தள்ளிவிட்டது அவரில்லை. நான்தான்!

என்ன சரசு, அப்படிப் பாக்கற? இத்தனை வருசமா பக்கத்து ஊட்ல இருக்கற, உங்கிட்டகூடச் சொல்லலை. மொளகைப் பெரட்டிக்கிட்டே கேளு. அந்தப் பக்கம் இன்னும் காயலை பாரு.

நீ எஸ்டேட் லைனுக்கு மருமவளா வர்றதுக்கு முன்னாடி நடந்தது. காப்பிப் பழம் பறிக்கற காலம். சாயங்காலமானா மூட்டையோட எல்லாரும் தராசுகிட்ட நிப்போம். நொம்பக் கும்மாளமா இருக்கும்! எம் பேச்சைக் கேட்டுச் சிரிக்கறதுக்குன்னே தலைச்சோலை ஊர்ப் பொம்பளைங்க எம் பக்கத்துல வந்து நிப்பாங்க. எனக்கு அதுல ஒரு பெருமை…

அன்னிக்கு ரோசி எனக்கு முன்னால நின்னா. கனத்த ஒடம்பு. அவ மூட்டைய எடை போட்டு எறக்குனாங்க. எனக்கு என்ன தோணுச்சோ, பின்னாலருந்து ஒரு தள்ளு! தடுமாறித் தராசுப் பலகை மேல ஏறிட்டா. முள்ளு விர்ருனு ஓடுச்சு. எனக்கு அதைப் படிக்கவும் தெரியாது. மேஸ்திரிதான் கத்துனாரு, "அடேங்கப்பா, ரெண்டு மூட்டை!"

சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு! கணக்கெழுதற ரைட்டர்கூட நோட்டைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாரு.

ரோசி திரும்பிப் பாத்தா. நான் முந்தானையால வாயை மூடியிருந்தேன். சிரிப்பை அடக்கத்தான் சரசு! அவ அதை அழுகைன்னு நெனச்சுட்டா, தள்ளுனது பக்கத்துல நின்ன மேஸ்திரின்னும் நெனச்சுட்டா.

அதுக்கப்புறம் அவ தராசுப் பக்கமே வரலை. "அக்கா, எம் மூட்டைய நீங்களே போட்டுருங்க. அன்னிக்குச் சிரிக்காதது நீங்க ஒருத்தர்தானுங்க"ன்னா. போட்டேன். வருசா வருசம் நான்தான் போட்டேன். மேஸ்திரி மண்ணுக்குப் போற வரைக்கும் அவருகிட்ட ரோசி ஒரு வார்த்தை பேசலை. நான் ஏன் அப்பவே சொல்லலை?

அவ என்ன அள்ளி அள்ளியா திங்கறா? நான் திங்கறதுல பாதி. அவ அம்மாளும் அதே வாகுதான். குச்சியாட்டம் இருக்கற எனக்குத்தான் பிரசர் மாத்திரை! ஒடம்பைப் பாத்து என்ன தெரியும் சொல்லு…

இப்ப அவ கால்ல புண்ணு. ரெண்டு மாசமா ஆறலை. சேலைய எறக்கிக் கட்டி மறைச்சுக்கறா. மருந்து வண்டி மாசாமாசம் வருது, இவ போக மாட்டேங்கறா. ஏன் தெரியுமா? அங்க போனதும் எடை மிசின்ல ஏத்துவாங்க.

போன தடவை நானே போயி நர்சம்மாகிட்டக் கேட்டேன். "ஏனுங்க, எடை பாக்காம வைத்தியம் பாப்பீங்களா?"

"மொதல்ல புண்ணைத்தான் பாப்பேன் பாட்டி. எடை அப்புறம் தனியாப் பாத்துக்கலாம், யார் காதுலயும் விழாது. ஆனா இனியும் விட்டா காலுக்கே ஆபத்து. கூட்டிட்டு வாங்க"ன்னுச்சு அந்தப் புள்ளை.

ரோசிகிட்டச் சொன்னேன். சேலைய ஒதுக்கிப் புண்ணைப் பாத்தா. அப்புறம் சொன்னா, "சரிங்க்கா, வர்றேன். நீங்க எம் பின்னாலயே நின்னுக்குங்க. வேற யாரும் தள்ளிராம."

வேற யாரும்…!

அன்னியிலருந்து சோறு எறங்கலை சரசு. இன்னிக்குச் சொன்னா, வண்டிகிட்ட வராமத் திரும்பிப் போயிருவா. கால் ஆறுன பொறவு சொல்லிக்கலாம்னு நெனைக்கறேன். சொல்லுவேனா? என்னை எனக்குத் தெரியாதா! நான் வாயை மூடிக்கிட்டு இருக்கறது அவ காலுக்காகவா, எம் பேருக்காகவா?

ஹாரன் கேக்குதா? வண்டி வந்துருச்சு… ஐயோ, தூறல் வேற! சாக்கைப் புடி, மொளகு நனையுது பாரு. அள்ளு, அள்ளு!

அதா, "அக்கா"ன்னு கூப்பிடறா. வர்றேன் சாமி, அங்கேயே இரு!

அந்த மூலையையும் நீயே அள்ளிரு சரசு. நான் போயி அவளுக்குப் பின்னால நிக்கணும்.